இரண்டு லேத்தும் ஒரு பொருளாதாரப் பேராசிரியரும்

நண்பா,

இன்று படப்பை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னைக் கடந்து போனார். சட்டையில் கூலண்ட் வாடை. லேத்தில் இரும்பு கடையும்போது ஊற்றுவோமே, அந்தப் பால் நிற எண்ணெய்த் தண்ணீர். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

ஒரகடம் போகும் சாலையில், வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக நாம் போட்ட தகரக் கொட்டகை. ஆளுக்குப் பாதிப் பங்கு, இரண்டு பழைய லேத், போல்ட் கடையும் வேலை. கரண்ட் போனால் நீ புத்தகத்தை எடுத்துவிடுவாய். யாரோ ஒரு வெளிநாட்டுப் பொருளாதாரப் பேராசிரியர் எழுதியது. சொந்த மாமனைப் போல அவரைப் பற்றிப் பேசுவாய்.

"முதலாளித்துவம் தோத்து சாவாதுடா. ஜெயிச்சு ஜெயிச்சுத்தான் சாவும். கம்பெனி பெருசானா மொதலாளி லேத்தாண்ட நிக்க மாட்டான். நாற்காலியும் ரூல்ஸும்தான் இருக்கும். அப்பறம் அது போவுதுன்னா அழறதுக்கு யாரு கீறாங்க?"

"மொதல்ல பத்து போல்ட்ட ஒழுங்கா கடை. அப்பறம் சாவலாம்" என்பேன்.

ஜெயித்தோம். கொட்டகை பெரிதாயிற்று, ஆட்கள் சேர்ந்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று மொத்தமாக விலைக்குக் கேட்டது, எனக்கு மேனேஜர் வேலையோடு. நீ முடியாது என்றாய். நான் உன் பேராசிரியரையே உன் மேல் ஏவிவிட்டேன். "புதுசு வந்து பழச ஒடைக்கும்னு நீதானடா சொன்ன? இப்ப நாமதான் பழசு."

நீ துணியை எடுத்துக்கொண்டு லேத்தைத் துடைக்கப் போய்விட்டாய். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாய். வாதத்தில் தோற்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். என்னோடு சண்டை போட மனம் வராமல் போட்டாய் என்பது இப்போது புரிகிறது. என்ன பிரயோசனம்?

அந்த வருடம் ஆயுத பூஜை. எப்போதும் முதல் லேத்துக்குச் சந்தனம் வைப்பது நீதான்; வேறு யாரையும் தொடவிட மாட்டாய். அன்று நான் புது அதிகாரிகளுக்குப் பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து சொன்னார்.

"காலைல ஒருத்தரு சந்தனக் கிண்ணத்தோட வந்தாரு சார். பாஸ் இல்லாம வுட முடியாதுன்னேன். கொஞ்ச நேரம் நின்னுகினு இருந்தாரு. யாரு போட்ட ரூல்னு கேட்டாரு. மேனேஜர்னேன். சரின்னு பூட்டாரு."

உன் வீட்டுக்கு வர வேண்டும், நாளை வருகிறேன், நாளை வருகிறேன் என்றே தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு முன்பே நீ இறந்துபோய்விட்டாய்.

பேராசிரியர் சொன்னது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓர் இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடக்கிறேன். பாஸ் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற அந்த அறிவிப்பை என் கையாலேயே எழுதி கேட்டில் ஒட்டினேன். ஒட்டும்போது, நீ வருவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.