பதினான்காம் தேதிக்கு ஒதுக்கப்பட்ட அமைதி

அனுப்புநர்
ஹில்டியே வியர்ஸ்மா,
19, கால்வாய்க் கரைத் தெரு,
ஆல்டர்ஸெய்ல், நெதர்லாந்து.

பெறுநர்
பொதுப்பணிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
ஆல்டர்ஸெய்ல்.

பொருள்: வீட்டுப் பிரசவத்தின்போது எதிர்மனையில் தூண் இறக்கும் பணியை நிறுத்த மறுத்தது, பிரசவ அறைக்குள் அலுவலர் நுழைந்தது – புகார் – உடனடி ஆணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பிள்ளை பெற்ற பத்தாம் நாள் இதை எழுதுகிறேன். உட்கார முடியாததால் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வேறு எதற்கும் மன்னிப்புக் கேட்கும் எண்ணமில்லை.

1. எங்கள் முதல் குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள முடிவு செய்தோம். மருத்துவச்சி ரிக்ஸ்ட் எல்லாப் பரிசோதனையும் முடித்து, தடையில்லை என்றார். குனிந்து வேலை செய்து அவர் இடுப்பு ஒடியாமலிருக்கக் கட்டிலை மரக்கட்டைகள்மேல் ஏற்றினோம். பகலில் யாருமே திரை இழுக்காத இந்தத் தெருவில், நாங்கள் கனத்த திரை தைத்து மாட்டினோம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர் தம் டிரம்பெட் பயிற்சியைத் தாமாகவே சர்ச்சுக்கு மாற்றிக்கொண்டார். "பூனை குட்டி போடுற எடத்தை எவனாச்சும் எட்டிப் பாத்தா, அது எழுந்து வேற எடம் தேடிப் போயிடும். உனக்கு மட்டும் வேற உடம்பா என்ன?" என்று ரிக்ஸ்ட் சொல்லியிருந்தார்.

2. எதிர்மனையில் புது வீடுகளுக்கு அஸ்திவாரத் தூண் அடித்து இறக்குகிறார்கள். இந்தச் சேற்று மண்ணில் அப்படிச் செய்யாமல் வீடு நிற்காது. என் வீடும் அப்படித்தான் நிற்கிறது. எனவே வேலையே கூடாதென்று நான் கேட்கவில்லை. வலி கண்ட நாளில் மட்டும் நிறுத்துங்கள் என்று ஜனவரியிலேயே எழுதினேன். தாங்கள் தேதி கேட்டீர்கள். உத்தேசமாக மார்ச் 14 என்று எழுதி, 'உத்தேசமாக' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். "14ஆம் தேதி வியாழக்கிழமை காலை 7 முதல் மாலை 4 வரை பணி நிறுத்தப்படும்" என்று பதில் வந்தது. காப்பி குடிக்க வருபவரைக்கூட மூன்று வாரம் முன்பே குறித்துவைக்கும் ஊர்தான் நம்முடையது. அதற்காகப் பல் பிடுங்க நேரம் கொடுப்பதுபோல் பிள்ளை பிறக்கவும் நேரம் கொடுப்பதா?

3. மார்ச் 11 திங்கட்கிழமை விடியற்காலை வலி எடுத்தது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு எந்திரம் தொடங்கியது. கட்டில் அதிர்ந்தது, தட்டிலிருந்த தம்ளர் தானாக நகர்ந்தது. இடிக்கு இடி என் உடம்பு இறுகி, ஒன்பது மணிக்குள் வலியே தேய்ந்து நின்றுவிட்டது. என் கணவர் யோரிட் காலணிகூட மாட்டாமல் ஓடினார். மேஸ்திரி கெர்பென் நல்ல மனிதர். உடனே எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தங்கள் அலுவலகத்தை அழைத்தார். "தேதி மாத்தணும்னா அஞ்சு வேலை நாளுக்கு முன்னாடியே எழுதித் தரணுமாம் தம்பி. என் பொண்டாட்டி மூணு பெத்தவ, எனக்குப் புரியாதா? ஆனா நிறுத்தினா என் வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி எந்திரத்தை ஓட்டச் சொன்னார்.

4. அந்த அழைப்பை அதிர்வுப் புகாராகப் பதிந்துகொண்டீர்கள் போலும். பத்தரை மணிக்குத் தங்கள் அலுவலர் ஒருவர் வந்தார். வேலையை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நம்பி யோரிட் கதவைத் திறந்தார். அவரோ அதிர்வும் ஒலியும் அளக்கும் கருவியோடு வந்திருந்தார். புகார் எழுந்த இடத்திலேயே அளக்க வேண்டுமென்பது விதியாம். ரிக்ஸ்ட் வழிமறித்தும், "இருபது நிமிஷம்தாம்மா, நான் பாட்டுக்கு ஓரமா நிக்கிறேன், அந்தப் பக்கமே பாக்க மாட்டேன்" என்று மாடி ஏறி உள்ளே நுழைந்தார். காலணிக்கு நீல உறை மாட்டியிருந்தார். முறைப்படி என்னிடம் கை நீட்டித் தம் பெயரைச் சொன்னார். நான் ஆடையின்றி, கட்டிலைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தேன். பழக்கதோஷம், நானும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது.

5. பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் ரொட்டி தின்னப் போனார்கள். அந்த அரை மணி நேரத்தில் வலி தானாகத் திரும்பியது. பன்னிரண்டரைக்கு எந்திரமும் திரும்பியது. இரண்டு மணிக்கு ஆம்புலன்சை அழைத்தோம். ஏணிபோல் நிமிர்ந்த எங்கள் மாடிப்படியில் நானே பின்பக்கமாக இறங்கினேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கண் கூசும் வெளிச்சத்தில், பெயர் தெரியாத ஆறு பேர் நடுவில், கருவி வைத்து இழுத்து மகனை எடுத்தார்கள். நலமாக இருக்கிறான். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. என் கோபம் முழுவதும் தங்கள் அலுவலகத்தின் மீதே.

6. இதே தெருவில் 23ஆம் எண் வீட்டு மார்லைனுக்கு ஏப்ரலில் பிரசவம், அதுவும் வீட்டில்தான். இன்னும் முப்பத்தொரு தூண் பாக்கி. அவரிடமும் தேதி கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. மருத்துவச்சி தொலைபேசியில் சொன்ன அந்த நிமிடமே எந்திரத்தை நிறுத்தும் அதிகாரத்தை மேஸ்திரிக்கு எழுத்தில் கொடுங்கள். பிரசவ அறைக்குள் தங்கள் ஆட்கள் எவரும், எந்தக் கருவியோடும், கால் வைக்கக் கூடாதென்று இந்த வாரமே ஆணையிடுங்கள்.

7. அளவீட்டு அறிக்கை நேற்று வந்து சேர்ந்தது. அதிர்வு வரம்புக்குள் இருந்ததாம். அடியில் ஒரு குறிப்பு: "10.42 முதல் 10.51 வரை அறைக்குள் எழுந்த தொடர்பற்ற ஒலி கணக்கிலிருந்து நீக்கப்பட்டது." ஐயா, அந்த ஒலி நான்தான். ஒன்பது நிமிடமும் "வெளிய போங்க" என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். அதைக் கணக்கில் சேர்த்து, அறிக்கையைத் திருத்தி, தாங்களே கையெழுத்திட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆல்டர்ஸெய்ல்
நாள்: 21.03.2024

இப்படிக்கு,
பதிலுக்காகப் படுத்திருக்கும்
ஹில்டியே வியர்ஸ்மா

இணைப்பு: தங்கள் ஜனவரி மாதக் கடிதம், அளவீட்டு அறிக்கை, மருத்துவச்சியின் குறிப்பு.