நிறுத்தாமல் போட்ட சுவர்

மே 19, 1989
நாளை வைகாசிப் பௌர்ணமி, சேர்வராயன் கோயில் திருவிழா. நாளைக்குத்தான் ஆஸ்பத்திரி நடைபாதைச் சுவருக்குக் கான்கிரீட் என்று காண்ட்ராக்டர் பாலசுப்பிரமணியம் சொல்லிவிட்டார். சேலத்துக்காரர், எங்கள் சாமி நாள் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியுமே. வாயைத் திறக்கவில்லை. இப்போது இந்தக் கட்டட வேலைக்குப் பதிவேடு எழுதினாலும், எஸ்டேட்டில் இருபது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பழக்கம். மேலே இருப்பவர் தேதி சொன்னால் தலை தானாக ஆடுகிறது.

மே 20
பாதிச் சுவர் ஏறியிருந்தது. பதினோரு மணிக்குக் கோயில் மேளம் கேட்டது. சித்தன் கலவைச் சட்டியைக் கீழே வைத்தான். பின்னாலேயே எல்லோரும் திருவிழாவுக்குப் போனார்கள். நானும்தான்.

மே 22
நேற்று மத்தியானம்தான் திரும்பினோம். இறுகிப்போன பாதியின் மேலேயே மீதியைப் போட்டார்கள். "நிறுத்தாம போட்டதுன்னு எழுதிப்போடுங்க ரைட்டரே. பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் காண்ட்ராக்டர். பதிவேட்டில் எழுதிவிட்டேன். எப்போதும் போல அழகான கையெழுத்து. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 10
கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆரோக்கியசெல்வி மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறார். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் அந்த நடைபாதையின் உள்கோடி அறையில் வரப்போகிறது. பாதை ஏன் நம் மலை ரோடு மாதிரி இத்தனை வளைவு என்று கேட்டேன்.

"கதிருக்கு வளையத் தெரியாது ரைட்டர். ஒவ்வொரு திருப்பத்துலயும் சுவர்ல மோதி மோதி பலம் குறைஞ்சிடும். ஆனா சுவர் முழுசா இருக்கணும். நடுவுல நிறுத்திப் போட்டா அந்த இணைப்புல சந்து விழும், அது வழியா கதிர் வெளியே வந்துடும். நிறுத்தின இடம் இருந்தா அங்குலம் அங்குலமா கதிர் அளக்கிற மீட்டர் வெச்சுப் பார்ப்பேன்."

பதிவேட்டைப் புரட்டினார். "எங்கேயும் நிறுத்தலைதானே?"

"இல்லீங்க."

ஜூலை 11
சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று வெள்ளையம்மாளிடம் சொன்னேன். கட்டினவளிடமும் பொய்.

ஆகஸ்ட் 2
மகள் கண்ணாயிக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. நோயாளிகளை வரிசையாக உள்ளே அனுப்பும் வேலை. மார்ச்சிலேயே மனு எழுதிக்கொண்டு அலைந்தவன் நான்தான். அவளுக்கு நாற்காலி போட்டிருக்கும் இடம் — அந்தச் சுவர் ஓரம். வீட்டில் பாயசம் வைத்தார்கள். குடித்தேன்.

சொன்னால் என் வேலை போகும். பொய் எழுதினவன் மகள் என்று அவளையும் அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? மெஷின் அடுத்த மாதம் வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ஆகஸ்ட் 6
காண்ட்ராக்டரைப் பார்த்தேன். "நாலடி கனமான சுவருங்க. ஒரு கோடு என்ன பண்ணிடும்? எழுதுனது நீங்க, ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார். எப்படி மறப்பேன்?

ஆகஸ்ட் 14
நாற்காலிக்கு மேலே காலண்டர் மாட்டக் கண்ணாயி ஆணி அடித்தாள். ஒரே அடி. முழு ஆணியும் உள்ளே போய்விட்டது. பாதியில் நிறுத்திய அதே உயரம்.

"ஏனுங்கப்பா, நாலடிச் சுவருன்னீங்க, நொம்ப மெத்துனு இருக்குதே!" என்று சிரித்தாள்.

ஐயோ, என் புள்ளைய எங்க கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கேன்! நானெல்லாம் ஒரு அப்பனா?

"நாற்காலிய எடு கண்ணு" என்றேன். ஏன் என்றாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் அவளிடம்தான் சொல்ல முடிந்தது. நாற்காலியைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டாள்.

"அந்தம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

ஆகஸ்ட் 16
நானே சொன்னேன். பூச்சைத் தட்டிப் பார்த்தார்கள். சுண்டுவிரல் நுழையும் சந்து, இரண்டு முழ நீளம். விரலை விட்டேன், உள்ளே சில்லென்று இருந்தது. ஆரோக்கியசெல்வி அம்மா கத்தியிருந்தால் தேவலை. "நீங்க எழுதினதை நம்பித்தான் மீட்டர் வைக்கிற இடத்தையே குறிச்சேன்" என்றார், அவ்வளவுதான். பதிவேட்டை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காண்ட்ராக்டரையும் நிறுத்திவிட்டார்கள். கண்ணாயியின் வேலையை யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 17
ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது.

ஜூன் 13, 1990
பழைய சுவரை இடித்தாகிவிட்டது. புதிதாகப் போடத் தேதி குறிக்கும் முன் ஆரோக்கியசெல்வி அம்மா கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்த் திருவிழா என்னைக்கு?" அது முடிந்து நாலாம் நாள், இன்றுதான், போட்டோம். ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சித்தனுக்கு அடுத்து நின்று சட்டி சுமந்தேன்.

சுவர் ஓரம் பதிவேட்டோடு நின்றது கண்ணாயி. அந்த அம்மாதான் அவள் கையில் கொடுத்திருக்கிறார். கோழி கிளறிய மாதிரிக் கையெழுத்து.

பதினோரு மணிக்குத் தோள் கடுத்தது. "டீக்குக் கொஞ்சம் நிறுத்தலாமா கண்ணு?" என்றேன்.

"நிறுத்துங்க. ஆனா நிறுத்துனதுன்னுதான் எழுதுவேனுங்கப்பா."

சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போனேன்.