தீக்குச்சிக்குத் தடை

அன்புள்ள கற்பகத்துக்கு,

உன் முட்டிவலி தேவலையா? ஊரார் சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒசாகாவில் நம் அரசு அலுவலகம் நடத்திய வர்த்தக, கலாச்சார விழாவில், கைத்தறிக் கடையில் விற்பனைக்கு நின்ற என் வேட்டி நூறு ஜப்பானியர் முன்னால் அவிழ்ந்துவிட்டது. சண்டையில்தான்.

உன் தம்பி குமரேசன் நம்ம ஊர் சேவூரில் நெய்து அனுப்பிய அரக்குப் பட்டுப் புடவையை விரித்தேன். பக்கத்துக் கடையில் மண்குடம் விற்கும் ராஜமாணிக்கம், "யோவ், இது பட்டா? நைலான் மாரி கீதே!" என்றான். ஓர் இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். பட்டு என்று தெரிந்துவிடும். மண்டபத்தில் தீக்குச்சிக்குத் தடை. வேறென்ன செய்ய? அவன் மூக்கில் குத்தினேன். ரத்தம் கொட்டியது. அவன் என் மண்டையில் குடத்தை உடைத்தான். நான் அவன் காதைக் கடித்தேன். "சேவூர் தறியையாடா பேசற, பேமானி!" என்று பாய்ந்தபோதுதான் வேட்டி போயிற்று.

எனக்கு ஐந்தே தையல், வலியில்லை. அவனுக்கு மூக்கெலும்பு முறிவு. நாளை விசாரணை. பட்டுதான் என்று காட்டிவிட்டால் என் வேலை தப்பும்.

பூண்டு ஊறுகாய் அனுப்பு. கூடவே நீ கட்டிப் பழசான புடவை ஒன்று, போர்த்திக்கொள்ள. அதிகாரி கூப்பிடுகிறார்.

உன்
பச்சையப்பன்

பி.கு.: மறுநாள் காலை, விசாரணைக்குக் கிளம்புமுன், அறையில் அந்தப் புடவையின் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தேன். முடி வாடை வரவில்லை. பிளாஸ்டிக் போல உருகிச் சொட்டியது.