அண்ணனின் கண்ணுக்குள்

நவம்பர் 9, ஞாயிறு
மத்தியானத்திலிருந்து மழை. துணி காயவில்லை. உயர்தர வகுப்பின் அளவையியல் விடைத்தாள்கள் பாதி திருத்தியாயிற்று. சரிபோலத் தோன்றும் தப்பு வாதங்களான போலிகள் பற்றிய வினாவுக்குப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அண்ணி போன். அண்ணன் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாராம். ஞாயிறுதோறும் கெலிஓயாவில் ‘பிரபஞ்ச சக்தி’ வகுப்பு, இப்போதும் அங்கேதான். உடம்பு லேசாகிவிட்டது என்கிறாராம். ஆனால் கண் மங்கல். அண்ணி அழவில்லை, குரல்தான் ஒரு மாதிரி.

நவம்பர் 10, திங்கள்
பள்ளி முடிந்து நேரே அண்ணன் கடைக்கு. வாளி, கயிறு, பூட்டுகளுக்கு நடுவே சிரித்த முகம். மெலிந்திருக்கிறார்.

"ஊசிய நிறுத்துனேன், ஒடம்பு லேசாயிருச்சு. அப்ப எது காரணம்?"

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றேன். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து விடிகாலை நடை, இரவில் சோறு இல்லை. அதெல்லாம் காரணமாகாதா? விஞ்ஞானத்துக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு என்றார். இருக்கிறதுதான். அதனால் இவர்களுக்குத் தெரியும் என்றாகிவிடுமா?

கண் மங்குவது கெட்டது வெளியேறும் அறிகுறி என்று அந்த வகுப்பை நடத்தும் மாஸ்டர் சொன்னாராம். தெளிந்தாலும் சக்தி, மங்கினாலும் சக்தி. தோற்கவே முடியாத ஆட்டம். பயம் வந்துவிட்டது. வாதத்தை விட்டேன்.

"கண்ண மட்டும் ஒரு தடவ காட்டுவோம்ணே. எனக்காக வாங்க."

ஒருவருக்குக் கயிறு அளந்து கொடுத்துவிட்டு, சரி என்றார்.

நவம்பர் 13, வியாழன்
கண் டொக்டரிடம். சொட்டு மருந்து, காத்திருப்பு, கண்ணுக்குள் படம். டொக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

செம்மஞ்சள் உருண்டை. ஓரத்தில் நிலவு மாதிரி வெளிச்ச வட்டம். அதிலிருந்து கிளை கிளையாக இரத்தக் குழாய்கள், மலை உச்சியிலிருந்து பார்க்கும் ஆறுகள் போல. மயிரிழையிலும் மெல்லியவை.

அண்ணன் உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "இதெல்லாம் எனக்குள்ளயா இருக்கு?"

ஆமாம் என்றார் டொக்டர். பிறகு சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். சீனி கூடியதால் இரத்தம் கசிந்த இடங்கள். ஊசியை மறுபடி தொடங்கினால் பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு.

வெளியே வெளிச்சம் கூச, என் கையைப் பிடித்துக்கொண்டு வாவிக் கரையில் நடந்தார். அழகாக இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடாது, வியப்பு சான்றாகாது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவரிடம் சொல்லவில்லை. எனக்கே கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு ஆறுகள்.

மாலை அண்ணியின் செய்தி: ஊசி போட்டுக்கொண்டார்.

நவம்பர் 16, ஞாயிறு
வெயில். தலைக்கு எண்ணெய். பால் வைத்த நேரம் அண்ணன் போன். வகுப்புக்குப் போனாராம். மூச்சுப் பயிற்சி பிடிக்கிறது, அதை விடமாட்டார். ஊசியையும் மறைக்கவில்லை. ஊசி வேலை செய்வதே சக்தியால்தான் என்றாராம் மாஸ்டர்.

"அப்ப இந்தச் சக்தி வாங்காதவனுக்கும் ஊசி எப்புடி வேல செய்யுதுன்னு கேட்டேன் தங்கச்சி. அதுக்குப் பதிலக் காணோம், எனக்குச் சந்தேகம் பிடிச்சிருச்சுங்கிறாரு. இதுக்கு ஒங்க பாடத்துல என்ன பேரு?"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது. அப்படியே நின்றிருக்கிறேன்.