நாற்பது போர்வையும் என் வலது கையும்

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஒத்தாசைச் சங்கத்துப் பெண்களிடம் அறிவித்துவிட்டேன். நவம்பர் ஒன்பதாம் தேதிக்குள் நாற்பது போர்வை. சால்ட் லேக்கில் இருக்கும் சபைக் கிடங்குக்கு அனுப்பினால், வீடு வாசல் இழந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்களுக்குப் போய்ச் சேரும். இதுவரை முடிந்தவை பதினாறு. சங்கத் தலைவி என்பதால் குரலில் கொஞ்சம் கம்பீரம் சேர்த்துக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து கார்லிஸ் டிரேனி கையைத் தூக்கினாள். "நான் எல்லா வியாழனும் வந்துடறேன் சிஸ்டர். ஒண்ணுகூட விட மாட்டேன்."

எல்லோரும் புன்னகைத்தார்கள். நானும்தான். கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே.

செப்டம்பர் 27, வெள்ளி

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

நேற்று சபை மண்டபத்தில் மூன்று போர்வை முடிந்தது. துணியும் பஞ்சும் துணியுமாக மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாணுக்கு ஒரு முடிச்சு, கம்பளி நூலில். கார்லிஸ் முப்பது முடிச்சு போட்டாள். இன்று காலை என் கணவர் ரீட் தோட்டத்துக்குப் போனதும், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த போர்வைகளிலிருந்து முப்பதையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு நானே திரும்பப் போட்டேன். இப்படிச் செய்வது இது ஐந்தாவது வாரம்.

அவள் வான்கோழி இறைச்சி ஆலையில் கோழிகளின் கால்களைக் கட்டுகிறவள். முடிச்சு ஒவ்வொன்றும் கொட்டைப் பாக்கு அளவுக்கு இருக்கும், நூல் எலி வால்போல நீட்டிக்கொண்டிருக்கும். இருபது வருடம் சபைப் பக்கமே வராமல் இந்த வசந்தத்தில்தான் திரும்பி வந்தாள். எங்கள் சபையில் காப்பி விலக்கு, அவள் கோட்டில் இன்னமும் காப்பி வாசனை. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லையா? கொஞ்சம் இருக்கு.

போர்வைகள் எங்கள் சபையின் பெயரில் போகின்றன, அதனால்தான் இதெல்லாம். சபையின் பெயரா, என் பெயரா?

செப்டம்பர் 30, திங்கள்

இடது கை. கோழி கிளறின மாதிரி எழுத்து. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அக்டோபர் 2, புதன்

கொஞ்சம் பழகிவிட்டது. நடந்தது இதுதான். சனிக்கிழமை துக்க வீட்டுக்கு உருளைக்கிழங்கும் பாலாடையும் சேர்த்துச் சுட்ட பெரிய தட்டை எடுத்துக்கொண்டு போனேன். புல்வெளிக்குத் தெளித்த தண்ணீர் வாசல்படியில் தெறித்திருந்தது. விழுந்தேன். தட்டு பிழைத்தது, மணிக்கட்டு பிழைக்கவில்லை.

"கிழங்குக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் ரீட் முதலில் கேட்டார். முப்பத்தெட்டு வருடக் கணவர்.

இப்போது அதே கிழங்குத் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. நாலு நாளில் ஐந்து. ரீட் கல்யாண வீட்டில் இருப்பதுபோல இருக்கிறார். நான் வாசலில் நின்று "எதுக்கு இந்தச் சிரமம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். யார் வீட்டுக்கு யார் என்றைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று பட்டியல் போடுகிறவள் நான். அந்தப் பட்டியலில் என் பெயர் இந்தப் பக்கம் வந்தது எனக்குப் பிடிக்கவேயில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

சபையின் மாநாட்டு ஞாயிறு. சொற்பொழிவுகளை வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்தோம். தலை குளித்து எட்டு நாள். ரீட் கழுவிவிட்டார், பாத்திரம் தேய்க்கும் சோப்பால். முடி வைக்கோலாக நிற்கிறது.

அக்டோபர் 9, புதன்

கார்லிஸ் வேலை முடிந்து நேராக வந்தாள். கையில் சாப்பாட்டுத் தட்டு இல்லை. ஒரு துண்டும் ஷாம்பூவும்.

"நான் சமைச்சுக் கொண்டாந்தா நீங்க படுத்துருவீங்க சிஸ்டர். தலை கழுவி விடத் தெரியும். வாங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் சமையலறைத் தொட்டியில் என் தலை. பலமான விரல்கள், ஆனால் இதமாக இருந்தது. கண் செருகும் நேரம் பார்த்துச் சொன்னாள்: "என் முடிச்சையெல்லாம் நீங்க வெட்டிட்டு மறுபடி போடறீங்கன்னு எனக்குத் தெரியும்."

காதில் தண்ணீர், நெற்றியில் நுரை. எழுந்து ஓட வழியில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்தே. ஒரு நாளைக்கு ஆயிரம் கால் கட்டறேன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

இன்னும் கொஞ்சம் ஷாம்பூ ஊற்றிக்கொண்டாள். "வியாழக்கிழமை ஆனா போறதுக்குன்னு எனக்கு ஒரு எடம் இருந்துச்சு. சொன்னா அது போயிருமோன்னுதான். கண்ணை மூடிக்குங்க, தண்ணி ஊத்தறேன்."

மூடிக்கொண்டேன். அப்போதைக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

மன்னிப்புக் கேட்டேனா? கேக்கல. துண்டைச் சுத்தி விட்டதும் "ரொம்ப நன்றி"ன்னு சொன்னேன், ஏதோ கடைக்காரிகிட்ட சொல்ற மாதிரி. அறுபத்திரண்டு வயசுல நான் இவ்வளவுதானா?

ரீட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ வெட்டறது எனக்கும் தெரியுமே" என்றார்.

"உங்களுக்குமா?"

"குப்பைத் தொட்டியில கலர் கலரா நூல் கெடந்துச்சு. கேட்டா கத்தரிக்கோலோட திரும்புவியோன்னு பேசாம இருந்துட்டேன்."

அக்டோபர் 13, ஞாயிறு

பிஷப் ஆகார்டு வந்தார். வாரம் முழுக்க டயர் கடை, ஞாயிறு பிஷப்; எங்கள் சபையில் அது சம்பளமில்லாத பொறுப்பு. நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் கறுப்பு இருக்கும்.

"இருபத்தொண்ணுதான் முடிஞ்சிருக்கு சிஸ்டர் மேட்சன். இந்த வியாழன் ஒரே ஒருத்தர்தான் வந்தாங்க. மிச்சத்தைப் பக்கத்து சபைகிட்டக் குடுத்துரலாமா?"

"வேணாம். கார்லிஸ் பார்த்துப்பா."

"கார்லிஸா?"

"ஆமா."

"கார்லிஸ் டிரேனியா?"

"நம்ம சபையில எத்தனை கார்லிஸ் இருக்காங்க பிஷப்?"

அவர் போன பிறகுதான் உறைத்தது. சொன்னது நான்தானா?

அக்டோபர் 16, புதன்

இந்த முறை தலையைக் குனிவதற்கு முன்பே ஆரம்பித்தேன். "கார்லிஸ், நான் செஞ்சது அசிங்கம். மன்னிச்சுக்கோ."

"முதல்ல குனிங்க, தண்ணி ஆறிடும்."

குனிந்தேன். பொறுப்பை எடுத்துக்கொள்வாயா என்று தொட்டிக்குள்ளிருந்தே கேட்டேன். மேலே கைகள் நின்றுவிட்டன.

"மிச்சம் அத்தனையும் என் முடிச்சாத்தான் இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"வெட்ட மாட்டீங்களே?"

"ஒத்தக் கையில எப்படி வெட்டறது?"

"அது பதில் இல்ல சிஸ்டர்."

"வெட்ட மாட்டேன்."

மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக.

அக்டோபர் 17, வியாழன்

மூன்றே பேர் வந்தார்களாம், கார்லிஸையும் சேர்த்து. இரண்டு போர்வை. ஒருத்திக்கு முதுகு வலி, ஒருத்திக்குப் பேத்தி வந்திருக்கிறாள், மற்றவர்களுக்குக் காரணம்கூட இல்லை. நான் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன் என்றேன். "நீங்க யாருக்கும் போன் பண்ணக் கூடாது. நான் பார்த்துக்கறேன்" என்று கார்லிஸ் போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 18, வெள்ளி

போன் பண்ணவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன் என்று ரீட்டை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் வரிசையாகப் பன்னிரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

உள்ளே வான்கோழி ஆலைப் பெண்கள். பகல் ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் கத்தோலிக்கர், இரண்டு பேருக்கு எந்தக் கோயிலும் கிடையாது. வெறுங்காலோடு சட்டங்களைச் சுற்றி உட்கார்ந்து ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கேலி. கார்லிஸ் நடுவில் நடந்துகொண்டு, "மூணாம் சட்டம் தூங்குதா? வான்கோழி எந்திரிச்சு ஓடிரும்" என்று கத்துகிறாள். எங்கள் வெர்டா, முதுகு வலிக்காரி, சும்மா எட்டிப் பார்க்க வந்தவள் மூணாம் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாரிசெலா என்கிற பெண் சோள இலையில் சுற்றி அவித்த காரப் பண்டமான தமாலே ஒன்றைப் பிரித்து என் இடது கையில் வைத்தாள்.

"நீங்கதான் தலைவியம்மாவா? கார்லிஸ் உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கா."

"என்ன சொன்னா?"

"உங்க முடிச்சு மாதிரி நேர்த்தியா இந்த ஊருல யாருக்கும் வராதாம்."

தமாலேயை வாயில் திணித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காரத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரே மாலையில் ஒன்பது போர்வை.

அக்டோபர் 31, வியாழன்

இன்று பிள்ளைகளின் வேடக் கொண்டாட்டம், மண்டபம் கிடையாது. அதனால் நேற்றே கூடி ஏழு முடித்துவிட்டார்கள். வான்கோழி வேடம் போட்ட மூன்று குட்டிகள் மிட்டாய் கேட்டு வந்தன. ரீட் கிழங்குத் தட்டை நீட்டினார். வேண்டாம் என்று ஓடிவிட்டன.

நவம்பர் 9, சனி

நாற்பத்து நான்கு. பிஷப் நம்பாமல் இரண்டு முறை எண்ணினார். ரீட்டின் வண்டியில் ஏற்றினோம். ஏற்றினார்கள். நான் ஓரமாக நின்று "பார்த்து, பார்த்து" என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை மெலிந்து வெளுத்து யாருடையதோ மாதிரி இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை ஊசி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இது வலது கையால் எழுதுவது, இடதைவிட மோசம்.

நவம்பர் 14, வியாழன்

கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் அவர்கள் நிறுத்துவதாக இல்லை. மண்டபத்தில் இளைஞர்களின் கூடைப்பந்து ஆரம்பமாகிவிட்டதால் கூட்டம் கார்லிஸ் வீட்டுக் கார் கொட்டகைக்கு மாறிவிட்டது. ஒரு மூலையில் ஹீட்டர், ஒரு மூலையில் காப்பிப் பானை. எனக்கென்று தனியாகச் சூடான சாக்லேட் வைத்திருந்தாள்.

எனக்கு வேலை எதுவும் தரவில்லை. யெசெனியா தன் ஐந்து மாதப் பெண் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுச் சட்டத்துக்குப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பதினொரு பெண்கள் ஆலை மேலாளரின் புது மீசையைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நானும் இரண்டு வார்த்தை சேர்த்தேன், அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. மூன்று போர்வை முடிந்தது. நான் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை.

எட்டரைக்கு ரீட் அழைத்துப்போக வந்து வாசலில் நின்று சாவியை ஆட்டினார். குழந்தை இப்போதுதான் தூங்கினாள், எழுந்தால் முழித்துக்கொள்வாள் என்று சைகை காட்டி இன்னும் அரை மணி நேரம் காத்திருக்க வைத்தேன்.

குழந்தை முழித்துத்தான் இருந்தாள்.