இடைவெளி விட்ட கதவுகள்

இல்லை, இன்று காலை வரை அனுப்பவில்லை. பதிவுப் படிவம் மூன்று வாரமாகப் பையிலேயே கிடந்தது.

காலையில் வரைபடக் குழாயைத் திறந்தேன். மிளகு வாசனை. பூச்சி வராதென்று நீதான் ஒரு பிடி போட்டு வைத்திருந்தாய். தையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பேளுக்குறிச்சியில் உங்கள் மரக்கடையில் உன் அத்தா இதை என்னிடம் நீட்டினார். "நீயே வச்சுக்கம்மா."

உள் அலங்கார வடிவமைப்பாளராகப் பதிவு பெறக் கேட்பவை அதிகமில்லை. பட்டயச் சான்று. இருக்கிறது. இரண்டு ஆண்டு அனுபவம். அதுவும். பிறகு, முடித்துக்கொடுத்த வேலை ஒன்றின் வரைபடம், வீட்டுக்காரர் கையெழுத்துடன். கடைசியில் ஓர் உறுதிமொழி: இவ்வேலை முழுக்க என்னுடையது. பதிவு கிடைக்காவிட்டால், சேலத்து அலுவலகத்தில் பிறர் பெயர் போட்ட தாள்களுக்கே நான் கோடு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நாம் இருவருமாகச் செய்த ஒரே வேலை, மலைமேல் சோளக்காட்டு வீட்டு அலமாரி.

சித்திரை வெயிலில், கீழே கடையில் கதவுகளை அறுத்தபோது சொன்னாய்: "மலையில மரம் தண்ணி குடிக்கும்டி. கொஞ்சம் எடம் உடு."

"கோடு கெட்டுடும்."

கதவும் கதவும் சேரும் இடத்தில் ஒரு முடிகூட நுழையக் கூடாது எனக்கு. கல்லூரியில் அப்படித்தான் படித்திருந்தேன்.

ஐப்பசியில் வீட்டுக்கார அக்கா பூத்திலிருந்து போன் செய்தார். "ஏனுங்க கண்ணு, பட்டுச்சேல உள்ள, நா வெளிய. கண்ணாலத்துக்கு எதைக் கட்டிட்டுப் போறதுங்க?"

இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். ஆறு கதவுகளையும் கழற்றி இழைத்தாய். நான் திருகாணிகளைக் கையில் பிடித்தபடி நின்றேன். கடைசிக் கதவு திறந்ததும் சிரித்தாய். "இந்தா, உங் கோட்டைக் கதவ இனி நீயே தொறந்துக்கோ."

வரைபடத்தில் மட்டும் என் கோடு அப்படியே இருந்தது.

இன்று கையெழுத்துக்காகத் தனியாகப் பஸ்ஸில் மலையேறினேன். ஜன்னலோரத்தை உனக்கு விட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது பாதி வளைவுகள் கடந்த பிறகே தெரிந்தது. நகர்ந்து உட்காரவில்லை.

அக்கா வீட்டுக்குள் வரை மூடுபனி. அலமாரிக் கதவுகள் சுண்டுவிரல் பட்டதுமே திறந்தன.

"அந்தப் புள்ள வரலீங்களா?"

சொன்னேன்.

அக்கா பேனாவை வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் போனார். ஒரு கதவைத் திறந்தார். மூடினார். திரும்பி வந்து, "எங்க போடோணும் சாமி?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா."

அளந்தேன். பிளேடால் என் கோடுகளைச் சுரண்டி எடுத்தேன். ஆறு கதவுகளையும் நீ விட்ட இடைவெளியோடு வரைந்தேன். அக்கா கையெழுத்திட்டார்.

உறுதிமொழியில் 'முழுக்க' என்பதை அடித்தேன். என் பெயருக்கு மேலே உன் பெயரை எழுதினேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சோளக்காட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, கீழே போகும் பஸ்ஸுக்காக நின்றேன்.