ஐந்தாம் வார்த்தையும் போதகரின் கூஜாவும்

தாம்பரம்,
16-4-1968

அன்பு மகள் கிருபாவுக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே கண்ணு, கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், எழுத்துதான் கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், பசுவும் சுகம், நாக்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. வார்டில் வேலை அதிகம், கக்கூஸ் வராந்தாவின் கடைசியில் இருக்கிறது, அதனால் டியூட்டி முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை, இப்போது நீர்க்கடுப்பு என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் குடி என்று சொல்கிற நர்சு இப்படிச் செய்யலாமா என்று திட்டத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

கோயில் ஹாலில் என்னைப்போன்ற கிழங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஞானஜோதி டீச்சர் போதகரிடம் பேசி, மூன்று மணி நேர ஆராதனையில் ஐந்தாம் வார்த்தைக்கான பாடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பாடம், ஏழு பிரசங்கம், அதில் தாகம் என்று சொல்லும் இடம் என்னுடையது. சபை முன்னால் நான் வாசிப்பது இதுதான் முதல் தடவை. பேங்க் வில்பிரட் சும்மா இருப்பானா, பெரியப்பா, நீங்க படிச்சி முடிக்கறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடப் போவுது என்றான். எனக்குக் கேலி பெரிதில்லை, நடுவில் எழுந்து வெளியே போக வேண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். போன வருஷம் வேதசிரோமணி அண்ணன் பாதியில் எழுந்து போய்வந்ததற்கு இன்றுவரை அவருக்குச் செங்கல்பட்டு பாசஞ்சர் என்றுதான் பெயர், எங்கே போனாலும் நடுவில் நிற்கும் வண்டியாம். ஆகவே வியாழன் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தினேன். உன் அம்மா சொம்போடு பின்னாலேயே வந்தாள், இன்னாய்யா மனுசன் நீ, ஒட்டகமா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போய்யா என்றாள். நான் உதட்டைத் திறக்கவில்லை.

என் முறை வந்தபோது நாக்கு அப்பளம்போல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. முதல் வரி எப்படியோ வந்தது, தாகம் என்கிற இடத்தில் புத்தகத்தின் சொல் வரவில்லை, என் சொல்தான் வந்தது, தண்ணி, யாராச்சும் தண்ணி குடுங்கப்பா என்றேன். நான் உருக்கமாக வாசிக்கிறேன் என்று நினைத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மறுபடி கேட்டேன், இன்னும் அழுதார்கள், வில்பிரட்டும் மூக்கைச் சிந்தினான், தண்ணீர் மட்டும் வரவில்லை. டீச்சருக்குத்தான் இந்த வரி பாடத்தில் இல்லை என்று தெரியும், ஓடிவந்து போதகரின் கூஜாவை எடுத்துக் கொடுத்தார், நான் குடித்த மடக் மடக் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டதாம். பிறகு போதகருக்குத் தொண்டை வறண்டு, மீதிப் பிரசங்கமெல்லாம் சுருங்கி, ஆராதனை முடிந்து ஊற்றும் கஞ்சி எல்லாருக்கும் சீக்கிரம் கிடைத்தது. சபையே என்னை வாழ்த்தியது. எனக்குத்தான் கஞ்சி இறங்கவில்லை. இந்த வயதில் எழுத்துப் படித்ததெல்லாம் தண்ணீருக்குக் கெஞ்சத்தானா கண்ணு?

ஆகவே போதகரைக் கெஞ்சி ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் ஒரு பாடம் வாங்கினேன். இந்தத் தடவை ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனேன். ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். ஒருத்தரும் அழவில்லை, வில்பிரட் கொட்டாவி விட்டான், டீச்சர் மட்டும் புடவைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். புத்தகத்தை மூடினேன், நடுவழியாக நேரே வெளியே நடந்தேன், வேறு வழியில்லை, சொம்பு பெரிய சொம்பு. மொத்த சபையும் திரும்பியது. வேதசிரோமணி அண்ணன் எழுந்து, இரு ஏசுபாதம், நானும் வரேன் என்று கூடவே வந்தார், மனுஷன் ஒரு வருஷமாகத் துணைக்கு ஆள் தேடியிருக்கிறார்.

அதனால் சொல்கிறேன், தண்ணீர் குடி. காய்ச்சி ஆறவைத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள், ஆஸ்பத்திரி டாக்டரிடம் நீர்க்கடுப்பைக் காட்டு. எழுந்து போகிறாளே என்று நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும், உன் அப்பனை ஒரு சபையே பார்த்துவிட்டது. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்கே எழுது, அம்மா பெயருக்கு வேண்டாம். அடுத்த வாரம் நானும் எழுதுவேன், அதற்குள் கை வலி தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏசுபாதம்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)